லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டியவர்கள் மறுபடியும் ஏன் கொடுக்கிறார்கள்?

2008 நவம்பரில் டேவிட் பூத் என்ற முதலீட்டு நிறுவன அதிபர், தான் எம்பிஏ முடித்த சிகாகோ பல்கலைக்கழக பிசினஸ் ஸ்கூலுக்கு 30 கோடி டாலர் கொடுத்தார். 2020 ஜூனில் அகமதாபாத் ஐஐஎம்மின் முன்னாள் மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து 100 கோடி ரூபாய் தர முன்வந்தார்கள். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் கேட்கிற பேச்சு ஒன்றுதான். வரி மிச்சம் பிடிக்கக் கொடுக்கிறார்கள் என்பார் ஒருவர், கட்டடத்தில் பெயர் வரவேண்டும் என்று கொடுக்கிறார்கள் என்பார் இன்னொருவர். இருபது லட்சத்துக்கு மேல் ஃபீஸ் வாங்கிய இடத்துக்கு எதற்காக மறுபடியும் அழவேண்டும் என்று கல்விக்கடன் அடைத்துக்கொண்டிருப்பவர் கேட்பார். அந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல, இந்தப் பணம் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிடலாம். சீட் கிடைக்க, சேருவதற்கு முன்னால் கட்டாயமாக வாங்கப்படும் பணம் இதில் சேராது. அதைத் தடைசெய்ய தமிழ்நாட்டில் 1992-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இங்கே பேசுவது, படித்து முடித்து, பட்டம் கைக்கு வந்து, படித்த பிசினஸ் ஸ்கூலிடமிருந்து (இனிச் சுருக்கமாகப் பள்ளி) மேற்கொண்டு வாங்கிக்கொள்ள எதுவும் இல்லாத நிலையில் ஒருவர் விரும்பிக் கொடுப்பதைப் பற்றி.

## கொடுத்த பணம் எங்கே போகிறது?

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்குக் கொடுத்த கொடைகள் ஏராளம். ஒரு விளக்குக்கு 96 ஆடு. அவற்றை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். கிழ ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், மந்தையின் கணக்கு மட்டும் குறையாது. கல்வெட்டு இந்த ஆடுகளைச் "சாவா மூவாப் பேராடு" என்கிறது. கொடுத்தவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷம் ஆனாலும் விளக்கு எரியும், ஏனென்றால் கோயில் ஆட்டைத் தின்பதில்லை, நெய்யை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது.

பிசினஸ் ஸ்கூல்களின் பெரிய கொடைகள் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். கொடுத்த தொகையை முதலீடு செய்து, முதலைத் தொடாமல், வரும் ஆதாயத்தில் ஒரு பகுதியை மட்டும் ஆண்டுதோறும் செலவழிக்கும் நிதிக்கு எண்டவ்மென்ட் என்று பெயர். நம்மூரில் கார்பஸ் நிதி என்றும் சொல்வார்கள். பல்கலைக்கழகங்களில் நாம் போய் உட்கார்ந்து கேட்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளும் இப்படி யாரோ என்றோ போட்டுவைத்த முதலின் வட்டியில் நடப்பவைதான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கோடி ரூபாய் கார்பஸ் இருக்கிறது, ஆண்டுக்கு 9% ஆதாயம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 9 லட்சத்தையும் செலவழித்துவிட்டால் பத்து வருஷத்தில் விலைவாசி ஏறி, அந்த 9 லட்சத்தின் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் 4 லட்சத்தை மட்டும் செலவுக்கு எடுத்து, 5 லட்சத்தை முதலோடு சேர்ப்பார்கள். அடுத்த வருஷம் முதல் 1.05 கோடி, செலவுக்கு 4.2 லட்சம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக 4.5 முதல் 5 சதவீதம் வரை எடுக்கின்றன. அதுவும் அந்த வருஷத்துச் சந்தை விலையை மட்டும் பார்க்காமல், கடந்த சில ஆண்டுகளின் சராசரியை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். பங்குச் சந்தை ஒரு வருஷம் சரிந்தது என்பதற்காக ஒரு மாணவரின் உதவித்தொகையைப் பாதியில் நிறுத்த முடியாதே.

எண்டவ்மென்டுக்குப் போகாத கொடையும் உண்டு. இந்த வருஷம் வாங்கி இந்த வருஷமே செலவழிக்கும் பணத்தை ஆண்டு நிதி என்கிறார்கள். ஆயிரமும் ஐயாயிரமுமாகக் கொடுக்கும் சாதாரண முன்னாள் மாணவர்களின் பணம் பெரும்பாலும் இங்கேதான் வரும். தலைப்புச் செய்தியாவதில்லை. ஆனால் ஒரு பள்ளியின் டீனைக் கேட்டால், கையைக் கட்டாத இந்தப் பணத்தின் அருமையை நிறையச் சொல்வார்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பெரிய கொடை விதைநெல் மாதிரி காக்கப்படுகிறது, சின்னக் கொடை அந்தந்த வருஷமே செலவாகிறது. 100 கோடி என்று படிக்கும்போது, பள்ளிக்கு ஆண்டுதோறும் கிடைக்கப்போவது நாலைந்து கோடி என்று மனதுக்குள் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

## ஃபீஸ்தான் கட்டியாயிற்றே?

முன்னணிப் பள்ளிகள் பலவற்றில் ஒரு மாணவர் கட்டும் ஃபீஸ், அவர் படிக்கும் இரண்டு வருஷத்துக்கு ஆகும் செலவின் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டும். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் ஃபீஸ் தவிர, தன் பதிப்பகத்திலிருந்தும், பணியில் இருக்கும் மேலாளர்களுக்கு நடத்தும் குறுகியகால வகுப்புகளிலிருந்தும் அதற்குப் பெரிய வருமானம் வருகிறது. அதற்கு மேலும் ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்டவ்மென்டிலிருந்து வருகிறது. 2022-ல் அந்தப் பள்ளி, மிகவும் பணத்தேவை உள்ள சுமார் 10% மாணவர்களுக்கு முழு ஃபீஸையும் தானே ஏற்பதாக அறிவித்தது. அப்படி அறிவிக்க முடிந்ததற்கு, முன்பு படித்துப் போனவர்கள் உதவித்தொகைக்கென்று விட்டுச்சென்ற நிதிகள் முக்கியக் காரணம்.

செலவுக் கணக்கைவிடப் பெரிய விஷயம் வேறொன்று இருக்கிறது. அகமதாபாத் ஐஐஎம் 1961-ல் தொடங்கியது. விக்ரம் சாராபாய் முன்னின்றார், மத்திய அரசும் குஜராத் அரசும் தொழிலதிபர்களும் கைகொடுத்தார்கள், ஃபோர்டு ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அறக்கட்டளை பணம் தந்தது, ஹார்வர்ட் பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தது. அங்கே இன்று சேரும் மாணவர் 20 லட்சத்தைத் தாண்டி ஃபீஸ் கட்டுகிறார், உண்மை. ஆனால் "ஐஐஎம்-ஏ" என்று ரெஸ்யூமேயில் எழுதியவுடன் இன்டர்வியூ போர்டில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்க்கிறாரே, அந்த மதிப்பை இந்த மாணவர் கட்டிய பணம் உண்டாக்கவில்லை. அறுபது வருஷமாக அங்கே பாடம் நடத்தியவர்களும், படித்துப்போய் நன்றாக வேலை செய்தவர்களும் சேர்த்துவைத்தது அது. விலை கொடுக்காமல் கிடைத்த அந்தப் பங்குக்குத்தான் கொடை பதில் சொல்கிறது என்று நான் நினைக்கிறேன்.

டேவிட் பூத் விஷயத்தில் இது பளிச்சென்று தெரியும். சிகாகோவில் யூஜின் ஃபாமா என்ற பொருளியல் பேராசிரியரிடம் படித்தவர் அவர். பங்குச் சந்தை பற்றிய ஃபாமாவின் ஆய்வுகளை அடித்தளமாக வைத்து 1981-ல் டைமென்ஷனல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் தந்த 30 கோடி டாலரும் ஒரே காசோலையாக வரவில்லை. அந்த நிறுவனத்தின் பங்குகளிலிருந்து வரும் வருமானத்தில் பள்ளிக்குப் பங்கு கொடுத்தார். வகுப்பறையில் பிறந்த யோசனை சம்பாதித்த பணத்தில் வகுப்பறைக்கும் ஒரு பங்கு.

## வரிக்காகவா, பெயருக்காகவா?

வரிச் சலுகை உண்டு. ஆனால் அது கொடுக்கச் செய்வதில்லை, கொடுக்க நினைத்தவருக்குச் சுமையைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவே. நம்மூர்க் கணக்கில் பாருங்கள். கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி பிரிவில் 50% கழிவு உள்ள ஒரு நிறுவனத்துக்கு, பழைய வரிமுறையில் 30% வரி கட்டும் ஒருவர் ஒரு லட்சம் கொடுக்கிறார். அவருடைய வருமானத்தில் 50,000 ரூபாய்க்கு வரி கிடையாது. மிச்சமாகும் வரி 15,000 ரூபாய். மீதி 85,000 அவர் கையை விட்டுப் போனதுதான். வரி மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் கொடுக்காமல் இருப்பதே லாபம். அமெரிக்காவில் சலுகை இன்னும் தாராளம். விலை ஏறிய பங்கை விற்காமல் அப்படியே கொடுத்தால் மூலதன ஆதாய வரியும் இல்லை. அங்கும் கொடுத்தவர் கையில் மிஞ்சுவது, கொடுக்காதிருந்தால் மிஞ்சுவதைவிடக் குறைவுதான்.

பெயர் ஆசையை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. சிகாகோ பள்ளி இன்று பூத் பள்ளிதான். 1975-ல் ஹார்வர்டில் குறுகியகால மேலாண்மைப் படிப்பு முடித்த ரத்தன் டாடாவின் தலைமையில், டாடா குழுமம் 2010-ல் அந்தப் பள்ளிக்கு 5 கோடி டாலர் கொடுத்தது. அங்கே டாடா ஹால் எழுந்தது. பெயர் வைப்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்தவரும் தன் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்னவர்தான்.

ஆனால் பெயர்தான் எல்லாம் என்பவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போய்ப் பார்க்கவேண்டும். அங்குள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழக பிசினஸ் ஸ்கூலுக்கு 2007-ல் முன்னாள் மாணவர்கள் 13 பேர் சேர்ந்து 8.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அவர்கள் வைத்த நிபந்தனை: குறைந்தது 20 ஆண்டுகளுக்குப் பள்ளிக்கு யாருடைய பெயரையும் வைக்கக்கூடாது, அது விஸ்கான்சின் பள்ளியாகவே இருக்கவேண்டும். ஒரே கோடீஸ்வரர் வந்து பெயரை வாங்கிவிடாமல் தடுக்க, பதின்மூன்று பேர் தங்கள் பெயரை விட்டுக்கொடுத்துப் பணம் போட்டார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கொடை இதுதான்.

## சுயநலம் என்றால் ஒரு கணக்கு இடிக்கிறது

சிலர் கொஞ்சம் யோசித்து இப்படிச் சொல்வார்கள்: பள்ளியின் மதிப்பு உயர்ந்தால் என் பட்டத்தின் மதிப்பும் உயரும், ஆகவே கொடை என்பது என் பட்டத்துக்கு நானே செய்யும் பராமரிப்பு. இதில் உண்மை இருக்கிறது. பள்ளி சரிந்தால் இருபது வருஷம் முன்பு படித்தவரின் பட்டமும் மங்கும்.

ஆனாலும் இது மட்டும் காரணமாக இருக்க முடியாது. பேட்ச்சில் 300 பேர். 299 பேர் கொடுத்து நான் மட்டும் கொடுக்காவிட்டாலும் பள்ளியின் மதிப்பு உயரும், என் பட்டத்தின் மதிப்பும் கூடவே உயரும். நான் ஒருவன் மட்டும் கொடுத்தால் அதனால் ஒன்றும் அசையாது. எப்படிப் பார்த்தாலும் சும்மா இருப்பதே லாபம். எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கும் பயனை, செலவில் பங்கெடுக்காமலே ஒருவர் அனுபவிக்க முடிகிற இந்த நிலையைப் பொருளியலில் இலவசப் பயணிச் சிக்கல் என்பார்கள். சுயநலம் மட்டுமே இருந்தால் எந்தப் பள்ளிக்கும் ஒரு பைசா தேறாது.

வேறு என்ன இருக்கிறது? ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி என்ற பொருளியலாளர் 1990-ல் ஒரு விளக்கம் தந்தார். கொடையினால் நடக்கும் நல்ல காரியம் ஒரு பக்கம் இருக்க, கொடுக்கும் செயலே கொடுப்பவருக்கு ஒரு மனநிறைவைத் தருகிறது. அடுத்தவர் கொடுத்தால் அந்த நிறைவு எனக்குக் கிடைக்காது, நானே கொடுத்தால்தான் கிடைக்கும். இலவசப் பயணிச் சிக்கலிலிருந்து வெளியே வர இது ஒரு வழி.

நோக்கங்கள் கலந்தும் இருக்கும். ஜோனதன் மீர், ஹார்வி ரோசன் என்ற இருவர் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கொடைக் கணக்குகளை ஆராய்ந்தார்கள். பிள்ளைகள் கல்லூரி வயதை நெருங்க நெருங்கப் முன்னாள் மாணவர்களான பெற்றோர் கொடுப்பது கூடியது. பிள்ளைக்கு இடம் இல்லை என்று தெரிந்ததும் விழுந்தது. இதைப் படித்துவிட்டு எல்லாமே வேஷம் என்று முடிவுகட்டத் தேவையில்லை. பிள்ளையே இல்லாதவர்களும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆக வரி, பெயர், பட்டத்தின் மதிப்பு, மனநிறைவு எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் இவை எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி இருப்பவை. பிறகு ஏன் ஒரு பள்ளியில் முக்கால்வாசிப் பேர் கொடுக்கிறார்கள், இன்னொன்றில் பத்தில் ஒருவர்கூடக் கொடுப்பதில்லை?

## யார் கேட்கிறார்கள்?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹனோவர் என்ற சிற்றூர். குளிர்காலத்தில் பனியில் மூழ்கிக் கிடக்கும். டார்ட்மத் கல்லூரியின் டக் பிசினஸ் ஸ்கூல் அங்கே இருக்கிறது. ஒரு பேட்ச்சுக்கு 300-க்கும் குறைவான மாணவர்கள். பகுதிநேர எம்பிஏ கிடையாது. படிப்பு முடிந்து மாலையில் கலைந்துபோக அருகே பெருநகரமும் இல்லை. இரண்டு வருஷம் அதே முகங்கள். பல ஆண்டுகளாக இந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆண்டுதோறும் கொடுத்துவந்திருக்கிறார்கள். முன்னாள் மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் அந்த வருஷம் ஏதாவது ஒரு தொகை கொடுத்தார்கள் என்ற இந்தக் கணக்கைப் பங்கேற்பு விகிதம் என்பார்கள். மற்ற நல்ல பள்ளிகள் பலவற்றில் அது இதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை.

அங்கே பணம் கேட்பவர் அறிமுகமில்லாத அலுவலர் இல்லை, கூடப் படித்தவர். ஒவ்வொரு பேட்ச்சிலும் தொண்டர்கள் இருப்பார்கள். ஜூன் 30-ல் கல்லூரியின் நிதியாண்டு முடிகிறது. மே, ஜூனில் அவர்கள் தங்கள் பேட்ச் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். "எப்படி இருக்கே, குழந்தைக்கு எத்தனை வயசு, வேலை மாறிட்டியாமே" என்று தொடங்கி, "இந்த வருஷம் இன்னும் உன் பேர் வரலையே, ஐம்பது டாலர்னாலும் போடு" என்று முடிகிற போன். தொகை அவரவர் வசதி. பட்டியலில் பெயர் ஏறுவதுதான் கணக்கு.

ஹார்வர்டில் இதே வேலையை "செக்‌ஷன்" செய்கிறது. முதல் வருஷ மாணவர்களைச் சுமார் 90 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, வருஷம் முழுக்க ஒரே வகுப்பறையில், குதிரைலாட வடிவில் படிப்படியாக உயரும் இருக்கைகளில், முன்னால் பெயர்ப்பலகை வைத்து உட்காரவைக்கிறார்கள். எல்லாப் பாடமும் அந்த 90 பேரோடுதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ரீயூனியனில் அவர்கள் முதலில் தேடிப்போவது தங்கள் செக்‌ஷன் ஆட்களைத்தான். ரீயூனியன் வருஷம்தான் பேட்ச் கொடைக்கும் வருஷம்.

முன்பு சொன்ன மீர் இன்னொரு ஆய்வும் செய்தார். கொடை கேட்டு வருபவர் பழைய ரூம்மேட்டாக இருந்தால், கொடுப்பவர்களும் கூடுகிறார்கள், தொகையும் கூடுகிறது. டக் பள்ளி பிறந்த கதையே இதற்குச் சாட்சி. டார்ட்மத் கல்லூரித் தலைவராக இருந்த வில்லியம் ஜூவெட் டக்கர் ஒரு வணிகப் பள்ளி தொடங்க நினைத்தபோது, பணத்துக்கு அவர் அணுகியது, வங்கித் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்திருந்த எட்வர்ட் டக் என்பவரை. கல்லூரி நாள்களில் இருவரும் ஒரே அறையில் தங்கியவர்கள். 1900-ல் எட்வர்ட் டக் 3 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே கம்பெனிப் பங்குகளைக் கொடுத்தார். பள்ளிக்கு வைத்தது தன் பெயரை அல்ல, தன் தந்தை ஏமஸ் டக்கின் பெயரை.

நன்றி உணர்ச்சி நிறையப் பேரிடம் இருக்கிறது, ஆனால் அது தானாக நடந்துபோய்ப் பணம் கட்டிவிட்டு வராது. தெரிந்தவர் ஒருவர் கேட்கவேண்டும். சரியான நேரத்தில், சங்கடமில்லாத தொகையை, போன வருஷம் கொடுத்தது என்ன ஆயிற்று என்ற கணக்கோடு கேட்கவேண்டும். நம் கல்லூரிகள் பலவற்றில் முன்னாள் மாணவர்கள் கொடுப்பதில்லை என்று குறைப்படுகிறோம். அவர்களில் எத்தனை பேரிடம் யாராவது ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

## இதற்கென்று கொடுப்பது

குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் செலவழிக்கவேண்டும் என்று எழுதிக் கொடுப்பது நிபந்தனைக் கொடை. நல்ல உதாரணம் நம்மூர்க்காரர் ஒருவரே. சென்னையில் பிறந்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் கல்கத்தா ஐஐஎம்மிலும் படித்த இந்திரா நூயி, 1980-ல் யேல் பல்கலைக்கழக மேலாண்மைப் பள்ளியில் பட்டம் பெற்றார். அங்கே படிக்கும்போது செலவுக்காக நள்ளிரவு முதல் விடியற்காலை வரை விடுதி வரவேற்பறையில் வேலை பார்த்தவர். 2016-ல் அவர் அந்தப் பள்ளியின் டீன் பதவிக்கே ஒரு எண்டவ்மென்ட் அமைத்தார். இப்போது அந்தப் பள்ளியின் டீன் "இந்திரா கே. நூயி டீன்" என்றே அழைக்கப்படுகிறார். இப்படி டீன் பதவிக்கு நிதி அமைத்ததில், முன்னணி பிசினஸ் ஸ்கூல்களில் அவர்தான் முதல் பெண்.

நிபந்தனை இறுக்கமாக இருந்தால் தொல்லையும் உண்டு. ஒரு காலத்தில் சூடாக இருந்த ஏதோ ஒரு துறைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்த நிதி, அந்தத் துறைக்கு ஆளே வராத காலத்திலும் அதற்கு மட்டும்தான் போகும். கட்டடத்துக்குக் கொடுப்பவர்கள் நிறைய, அதன் பராமரிப்புக்குக் கொடுப்பவர்கள் அரிது. என்னைக் கேட்டால் உதவித்தொகைக்கும் ஆசிரியர் பதவிகளுக்கும் கொடுப்பதே மேல். பணம் ஏற்கெனவே குவிந்திருக்கும் பள்ளிக்கே மேலும் குவிகிறது என்ற குறையும் உண்மையானது. வலையமைப்பு வலுவான இடத்தில்தான் கேட்கவும் ஆள் இருக்கிறது, கொடுக்கவும் ஆள் இருக்கிறது.

## உங்கள் கல்லூரியிலிருந்து போன் வந்தால்

கோடி கொடுப்பவர்களுக்கு ஆலோசனை சொல்ல வக்கீலும் ஆடிட்டரும் இருப்பார்கள். மாதம் ஐநூறு ரூபாய் போட நினைப்பவர் கேட்கவேண்டியதை மட்டும் சொல்கிறேன். கார்பஸுக்குப் போகிறதா, இந்த வருஷச் செலவுக்கா என்று முதலில் கேளுங்கள். கார்பஸ் என்றால், அதை யார் முதலீடு செய்கிறார்கள், வருஷத்துக்கு எத்தனை சதவீதம் எடுக்கிறார்கள், தணிக்கை செய்த கணக்கு முன்னாள் மாணவர்களுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். பணம் கல்லூரிக்குப் போகிறதா, தனியாகப் பதிவான முன்னாள் மாணவர் சங்கத்துக்கா, நிர்வாகக் குடும்பத்தின் வேறு ஏதாவது டிரஸ்டுக்கா என்று ரசீதில் உள்ள பெயரைப் பாருங்கள். 80ஜி எண் ரசீதில் இருக்கவேண்டும். இதெல்லாம் கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கையில் பதிலை வைத்துக்கொண்டுதான் போன் செய்வார்கள்.